ரெஜினாவிடம் கேட்காமல் போட்ட திட்டம்

புதிய மருத்துவர்களாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறையிலிருந்து கேட்டபோது ஏழு சம்பவங்களைக் குறித்து வைத்தேன். முப்பத்தொரு வருடம் மகப்பேறு மருத்துவராக இருந்தவளுக்கு ஏழு சம்பவத்துக்கா பஞ்சம்? பிறகு ஒவ்வொன்றாக அடித்தேன். ஆறிலும் கடைசியில் நான்தான் கெட்டிக்காரியாகத் தெரிந்தேன். அடிக்காமல் விட்டது இது ஒன்றைத்தான். இதையும் என்னால் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு பத்தி எழுதுவது, எழுந்து கூடத்தில் நாலு நடை நடப்பது, மறுபடி வந்து பேனாவை எடுப்பது என்றுதான் மூன்று நாளாக ஓடுகிறது. அங்கங்கே தொடர்பு அறுந்திருந்தால் அந்த நடைதான் காரணம்.

எண்டோமெட்ரியோசிஸ் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கும் எண்ணமில்லை. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வைப் போன்ற ஒன்று வெளியே சூலகத்திலும் குடலிலும் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் உள்ளேயே கசிந்து, உறுப்புகளை ஒன்றோடொன்று பசை போட்டதுபோல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு என்னென்ன சிகிச்சை உண்டு என்பதை என்னைவிடப் புதிதாக நீங்கள் படித்திருக்கிறீர்கள். நான் சறுக்கியது சிகிச்சை தெரியாததால் அல்ல. எதை, யாருக்கு, எப்போது என்பதை நானே முடிவு செய்ததால்.

ஆறு வருடங்களுக்கு முன், ஆவணி மாதத்தில், பூதலூர்ப் பக்கத்திலிருந்து ரெஜினா என்ற பெண்ணை அவளுடைய மாமியாரும் கணவரும் அழைத்து வந்தார்கள். இருபத்தொன்பது வயது. கணவர் ஜெரால்டு கத்தாரில் ஏசி பொருத்தும் வேலை செய்பவர், நாற்பத்தைந்து நாள் லீவில் வந்திருந்தார். மாமியார்தான் பேசினார்.

“கல்யாணமாயி நாலு வருஷம் ஆச்சு டாக்டரம்மா. இவன் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வர்றான். வந்தா ஒண்ணரை மாசம். அதுலயும் இவ வலி வலின்னு சுருண்டு படுத்துக்கிறா. பாக்கவே பாவமா இருக்கு. போன லீவும் அப்படியே போயிருச்சு. இந்தத் தடவையாவது ஒரு வழி பண்ணுங்க.”

ரெஜினாவிடம் கேட்டேன், எத்தனை நாளாக இந்த வலி என்று. பத்தாவது படிக்கும்போதிருந்து என்றாள். வாய்வு என்று மருந்து சாப்பிட்டிருக்கிறாள். இருபது வயதில் குடல்வால் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். வலி அடுத்த மாதமே திரும்ப வந்தது. அல்சர் என்று ஒருவர் ஒரு வருடம் மாத்திரை கொடுத்தார். இதையெல்லாம் பஸ் நேரம் சொல்வதுபோல் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் சொன்னாள்: “உங்ககிட்டயும் வந்திருக்கேன் டாக்டர்.”

“எப்போ?”

“கல்யாணத்துக்கு முன்னாடி, எட்டு வருஷம் இருக்கும். அம்மாவோட வந்தேன். ஸ்கேன் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்னீங்க.”

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்கோ அவள் முகம் சுத்தமாக நினைவில்லை. அதுதான் என்னை அதிகம் கலக்கியது. அந்த வாக்கியத்தை நான் எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறேன் என்று யோசிக்கத் தொடங்கினேன். உடனே நிறுத்திக்கொண்டேன். எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

பரிசோதித்தேன். கை பட்ட இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஸ்கேனில் இரண்டு சூலகத்திலும் கட்டி. பழைய ரத்தம் தேங்கிக் கெட்டியான, நாம் சாக்லேட் கட்டி என்று சொல்வது. இந்த முறை சந்தேகத்துக்கே இடமில்லை.

இங்கேதான் என் மனம் ஓட ஆரம்பித்தது. அந்த ஓட்டத்தை நீங்கள் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். என் தவறால் இந்தப் பெண்ணுக்கு எட்டு வருடம் வீணாகியிருக்கிறது, அதை நான்தான் சரிக்கட்ட வேண்டும், இப்போதே. நாற்பத்தைந்து நாளில் ஒன்பது நாள் ஏற்கெனவே போய்விட்டது. மாத்திரை கொடுத்தால் வலி அடங்கும், ஆனால் அதைச் சாப்பிடும்வரை குழந்தைக்கு முயல முடியாது. ஆகவே மாத்திரை வேண்டாம். லேப்ராஸ்கோப்பி செய்து கட்டிகளை உரித்தெடுத்துவிட்டால், பத்து நாளில் எழுந்துவிடுவாள், மீதி லீவில் முயலலாம். கணக்குக் கச்சிதமாக இருந்தது. மாமியாரிடம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெரால்டு தலையாட்டினார். ரெஜினாவும் தலையாட்டியதாகத்தான் நினைவு.

அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள்ல தண்ணி தூக்கலாம் டாக்டர்? பாய் நாத்து விட்டிருக்கேன்.”

பாய் நாற்றங்கால் என்றால் என்ன என்று உங்களில் டவுன்காரர்களுக்குச் சொல்கிறேன். நடவு இயந்திரத்துக்கு என்றே, பாலிதீன் விரிப்பின் மேல் மண்ணும் எருவும் கலந்து பரப்பி, அதில் விதை தூவி, பாய்போல் சுருட்டி எடுக்கும்படி நாற்று வளர்ப்பது. பூவாளியால் நாளுக்கு மூன்று நான்கு தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். பதினைந்து பதினாறு நாளில் மிஷின் வரவேண்டும். தப்பினால் நாற்று முற்றிப்போகும். ரெஜினா சுற்றுவட்டாரத்தில் நாற்பது விவசாயிகளுக்குச் சம்பா நாற்று கொடுத்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நான் சிரித்துக்கொண்டே, “முதல்ல உடம்பப் பாரும்மா, நாத்தெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்” என்று சொன்னேன்.

அவள் என்னிடம் ஒரு பதில் சொல்லியிருக்கிறாள். நான் கேள்வியே கேட்காததால் அது பதில் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் மலம் கழிக்கும்போதும் அந்த நாட்களில் வலிக்கிறது என்று சொல்லியிருந்தாள். குடலிலும் நோய் இருக்கலாம் என்று எந்த மாணவருக்கும் தோன்றியிருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். விசாரித்தபோது ஆறு நாள் கழித்துத்தான் நேரம் கிடைக்கும் என்றார்கள். அந்த ஆறு நாளை விட எனக்கு மனம் வரவில்லை. இருந்தால் உள்ளே பார்த்துக்கொள்ளலாம் என்று வெள்ளிக்கிழமைக்குத் தேதி போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. தொப்புளருகே சிறு துளையிட்டுக் கேமராவை உள்ளே விட்டேன். திரையில் முதலில் தெரிய வேண்டியது தெரியவில்லை. கர்ப்பப்பைக்குப் பின்னால் இருக்க வேண்டிய பள்ளமே இல்லை. இரண்டு சூலகமும் பின்பக்கம் போய் ஒன்றையொன்று முத்தமிட்டதுபோல் ஒட்டிக் கிடந்தன. அவற்றின் மேல் குடல் ஏறி, இழுபட்டு, கர்ப்பப்பையோடு ஒன்றாகிவிட்டிருந்தது. எது எங்கே முடிகிறது என்று கோடு போட முடியாத நிலை.

கருவியை நுழைத்து ஓரமாக லேசாக விலக்கிப் பார்த்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். ரத்தம் கசிந்தது. நிறுத்தினேன்.

என் முன் அப்போது இருந்த வழிகளைச் சொல்கிறேன். நிதானமாகப் பிரித்துக்கொண்டே போகலாம். குடலில் ஓட்டை விழுந்தால் மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டி வரலாம், அதைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் குடல் அறுவை நிபுணர் அன்று ஊரில் இல்லை. கட்டிகளை மட்டும் உரிக்கலாம் என்றால், இவ்வளவு ஒட்டியிருக்கும் சூலகத்தில் நல்ல பகுதியும் சேர்ந்து போகும். இரண்டிலும் அப்படிப் போனால் கருமுட்டை எவ்வளவு மிஞ்சும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைக்காக என்று தொடங்கிய ஆபரேஷன் அதற்கே வேட்டு வைத்துவிடும். அல்லது நிறுத்தலாம்.

நிறுத்துவது என்பது வழியாகவே என் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு வெளியே வருவதா? வெளியே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். அறைக்குள் ஐந்து பேர் என் கையைப் பார்க்கிறார்கள். எட்டு வருடத்துக்கு முன் ஒன்றுமில்லை என்று அனுப்பியவள் இன்றைக்கும் ஒன்றும் செய்யவில்லை என்று அனுப்புவதா?

கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனேன். நிலைமையைச் சொன்னேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எடுக்க வேண்டியத எல்லாம் எடுத்துருங்க டாக்டரம்மா. கர்ப்பப்பைன்னாலும் சரி. புள்ள இல்லன்னா போவுது. அவ தரையில உருள்றத என்னால இனிமே பாக்க முடியாது.”

ஜெரால்டு குறுக்கே வந்தார். “அம்மா, சும்மா இரு. டாக்டர், அதுல மட்டும் கை வெச்சுராதீங்க. கட்டிய எடுங்க, போதும். மத்தத அப்பறம் பாத்துக்கலாம்.”

“நீ இங்க இருக்கியாடா? நான்தான கூட இருந்து பாக்குறேன்.”

“அதுக்காக?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இருவருக்கும் அவள்மேல் இருந்தது அன்புதான். வில்லன் என்று ஒருவர் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உள்ளே திரும்பினேன். கையெழுத்துப் போட்ட படிவத்தில் ‘தேவைப்படும் பிற சிகிச்சைகளும்’ என்று ஒரு அச்சிட்ட வரி இருக்கும், உங்களுக்குத் தெரியும். அந்த வரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் எதை வேண்டுமானாலும் செய்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். புதுக் கையுறையை மாட்டிக்கொண்டே நம் மயக்க மருத்துவரிடம் வெளியில் நடந்ததைச் சொன்னேன். என்னைவிட மூத்தவர், அறுவை அரங்கில் வேலைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர்.

“அம்மா எடுக்கச் சொல்றாங்க, பையன் வேண்டாங்கிறார். என்ன பண்றதுன்னு புரியல” என்றேன்.

அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கேக்க வேண்டிய ஆள் இங்க தூங்குறாங்க. எழுப்பிக் கேட்டுட்டு அப்பறம் பண்ணுங்களேன். ரத்தம் ஓடலயே, என்ன அவசரம்?”

என்ன அவசரம் என்று அவர் கேட்டதும், லீவில் மிச்சம் என்று நான் எண்ணி வைத்திருந்த முப்பத்தாறு நாள் என்ற எண்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தது. அந்த எண் அவளுடைய வயிற்றில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பரிசோதனைக்காகச் சவ்விலிருந்து ஒரு சிறு துணுக்கு எடுத்தேன். படங்கள் எடுத்துக்கொண்டேன். கசிவு நின்றதைப் பார்த்துவிட்டு மூடினேன். மொத்தம் ஐம்பது நிமிடம். என் பணிக்காலத்தில் அதைவிட நீண்ட ஐம்பது நிமிடம் கிடையாது.

மறுநாள் காலை அவள் படுக்கைக்குப் போனேன். போவதற்கு முன் அந்த வராந்தாவில் எத்தனை தடவை இப்படியும் அப்படியும் நடந்தேன் என்று நர்ஸைத்தான் கேட்க வேண்டும். ரெஜினாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“வயித்துல மூணு ஓட்டை போட்டுட்டு ஒண்ணுமே பண்ணலையாமே டாக்டர்?”

“ஆமாம்மா.”

“அப்ப எதுக்குப் பண்ணுனீங்க?”

மாமியாரையும் கணவரையும் காபி குடித்துவிட்டு வரும்படி அனுப்பினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எட்டு வருடத்துக்கு முன் அவளிடம் நான் சொன்னது தப்பு என்றேன். எம்.ஆர்.ஐ. எடுக்காமல் அவசரப்பட்டதும் தப்பு என்றேன். சாக்குச் சொல்லவில்லை என்று பெருமையாக எழுத ஆசைதான். ஸ்கேனில் இதெல்லாம் சில சமயம் தெரியாது என்று ஒரு சாக்கு வாய்வரை வந்தது, பாதி சொல்லியும்விட்டேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினேன்.

பிறகு கேட்டேன். “உனக்கு என்ன வேணும் ரெஜினா?”

அவள் டிரிப்ஸ் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாசத்துல முப்பது நாளும் எனக்கு வேணும் டாக்டர்” என்றாள். “எனக்கு இருபத்தி நாலு நாள்தான் இருக்கு. மீதி ஆறு நாள் நான் செத்துட்டுப் பொழைக்கிறேன். போன வருஷம் குறுவைக்கு மிஷின் வர்ற அன்னைக்குத்தான் வலி வந்துச்சு. நாத்தச் சுருட்டிக் குடுக்க ஆள் இல்லாம ரெண்டு பேருக்கு முத்திப் போச்சு. ‘பொம்பளகிட்ட நாத்து வாங்குனா இப்படித்தான்’னு என் காதுபடச் சொன்னாங்க.”

“குழந்தை?”

சட்டென்று நிமிர்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், தையல் இழுத்திருக்கும். “வேணாம்னு சொல்லல. ஆனா இப்பவே வேணும்னு நான் உங்ககிட்ட எப்ப சொன்னேன்? நீங்களும் அத்தையும் பேசிக்கிட்டீங்க. நான் சும்மா உக்காந்திருந்தேன்.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து ஜன்னல்வரை போய்விட்டு வந்தேன்.

அப்புறம்தான், பதினான்கு வருட வலிக்குப் பிறகு, ஒரு வயிற்றைக் கிழித்துப் பார்த்த பிறகு, நான் அவளிடம் வழிகளைச் சொன்னேன். தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, வலியை அடக்கும், மாதவிலக்கையே நிறுத்தலாம், முதல் சில மாதம் துளித்துளியாக ரத்தம் படும், மனசு சோர்ந்து போகலாம். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப், தினம் மாத்திரை விழுங்க வேண்டாம், ஆனால் சூலகத்துக் கட்டிக்கு மாத்திரை அளவுக்கு வேலை செய்யுமா என்பது ஆளைப் பொறுத்தது. மாதவிலக்கு நின்றவளைப்போல் ஆக்கிவிடும் ஊசி, சில மாதத்துக்குத்தான், உடம்பு கொதிக்கும், எலும்புக்கு நல்லதில்லை. பெரிய ஆபரேஷன், குடல் நிபுணரோடு சேர்ந்து, திருச்சியில், முறையாகத் தயாராகி. கர்ப்பப்பையை எடுப்பது, அதுவும் குடலில் இருப்பதை விட்டுவிட்டால் வலி போகும் என்று உறுதியில்லை.

அவள் கேட்ட கேள்விகள் வாய்மொழித் தேர்வில் என் பேராசிரியர்கள்கூடக் கேட்காதவை.

“மாத்திரைய நிறுத்துனா?”

“வலி திரும்ப வரலாம்.”

“பெரிய ஆபரேஷன் பண்ணுனா?”

“ரொம்ப நாளைக்கு வராம இருக்கலாம். அதுக்கப்பறமும் வரலாம்.”

“அப்ப எதுலயும் குணமாவாதா?”

“குணம்னு நான் சொல்ல மாட்டேன். அடக்கி வெக்கலாம். சில பேருக்கு நல்லாவே அடங்கும்.”

“அத அப்பவே இப்படிச் சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு இருந்திருப்பேனே டாக்டர். ஒவ்வொருத்தரும் இதோட சரியாப் போயிடும், இதோட சரியாப் போயிடும்னு சொல்லிச் சொல்லித்தான் நான் ஏமாந்தேன்.”

மாத்திரை சாப்பிடுகிறேன் என்றாள். ஒரு வருடம் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம் என்றாள். கணவரிடம் நான் பேசட்டுமா என்றேன். “அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லுங்க, மாத்திர சாப்பிடுற வரைக்கும் புள்ள நிக்காது, அது என் குத்தமில்லன்னு.”

மாமியாரிடம் சொன்னேன். “அப்ப இந்த லீவும் போச்சா?” என்றார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சமாதானமாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு, “மாத்திரைய எத்தன மணிக்குக் குடுக்கணும்? சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்டார். அந்த அம்மாவைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஜெரால்டு மீதி லீவு முழுவதும் பூவாளியும் கையுமாக நாற்றங்காலில் நின்றதாக ரெஜினா அடுத்த மாதம் காட்ட வந்தபோது சொன்னாள். ஊரில் கேலி செய்தார்களாம். கத்தாரில் ஏசிக்குள் இருந்தவன் இங்கே சேற்றில் நிற்கிறான் என்று. பதினாறாம் நாள் மிஷின் வந்தது. ஒரு பாய்கூட முற்றவில்லை.

இதோடு முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். நோய் அப்படி முடிவதில்லை.

முதல் நான்கு மாதம் துளித்துளியாக ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. மாதா கோவிலுக்குக் கட்டிப்போகும் வெள்ளைப் புடவைகளைப் பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொன்னாள். காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றாள். நிறுத்திவிடுகிறேன் என்று இரண்டு தடவை போன் செய்தாள். இரண்டு தடவையும் ‘இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்’ என்று என் நாக்கு நுனிவரை வந்தது. ‘நிறுத்தினால் என்ன ஆகும், தொடர்ந்தால் என்ன ஆகும்’ என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு இருப்புக்கொள்ளாமல் அலைந்தேன். அவளே தொடர்ந்தாள். ஐந்தாம் மாதம் வலியில்லாமல் ஒரு மாதம் முழுதாகப் போனது. அதைச் சொல்ல மாமியார்தான் போன் செய்தார்.

இரண்டு வருடம் கழித்து, வயிற்றுவலி அடங்கினாலும் மலம் போகும்போது வரும் வலி கூடியது. அப்போது எம்.ஆர்.ஐ. எடுத்து, திருச்சியில் குடல் நிபுணரோடு சேர்ந்து பெரிய ஆபரேஷன் நடந்தது. பை வைக்க வேண்டி வரலாம் என்பதுவரை எல்லாம் பேசி, எழுதி, அவளே கையெழுத்துப் போட்டாள். எடுக்கக் கூடாதவை எவை என்று படிவத்தில் தன் கையால் தனியாக எழுதியும் கொடுத்தாள். நான் அன்று ஓரமாக நின்று பார்த்தேன். ஐந்து மணி நேரம். பை வைக்க வேண்டி வரவில்லை. கர்ப்பப்பையும் சூலகமும் மிஞ்சின. அதற்குப் பிறகும் மாத்திரையைத் தொடர்ந்தாள். மூன்று வருடம் நன்றாக இருந்தாள். ஜெரால்டு கத்தார் வேலையை விட்டுவிட்டு வந்து இப்போது நடவு மிஷின் ஓட்டுகிறார்.

நான் ஓய்வு பெற்றேன். என் குறிப்புகளில் அவளுக்கான கடைசி வரி: ‘குழந்தைப்பேறு தற்போது விரும்பவில்லை. மாத்திரை தொடரவும்.’

போன வாரம் ரெஜினா போன் செய்தாள்.

“இடது பக்கம் திரும்ப வந்துருச்சு டாக்டர். பொங்கலுக்கு அப்பறம் ரெண்டு மாசமா. மாத்திர கேக்க மாட்டேங்குது. ஸ்கேன்ல கட்டி இருக்குன்னு சொல்லிட்டாங்க.”

“வீட்ல என்ன சொல்றாங்க?”

“கர்ப்பப்பைய எடுத்துரலாங்கிறாங்க. ரெண்டு பேருமே. அவரும் இப்ப அத்தை பக்கம் சாஞ்சுட்டாரு. உன் உசுருதான் முக்கியம்கிறாரு.”

நான் அதற்குள் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன். முப்பத்தைந்து வயது, குழந்தை வேண்டாம் என்று இருப்பவள், மாத்திரைக்கு அடங்காத வலி. எடுத்துவிடலாம் என்பதில் என்ன தப்பு என்று என் மனம் தானாகவே ஒரு திட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற பிறகும்! நல்லவேளையாகக் கேட்டுவிட்டேன்.

“உனக்கு என்ன வேணும்?”

“எனக்கு இப்ப ஒரு புள்ள வேணும் டாக்டர். அவர் ஊரோட வந்துட்டாரு. நாத்தங்காலையும் பாத்துக்க ஆள் இருக்கு. இப்ப எனக்குத் தோணுது. இத்தன நாள் வேணாம்னு இருந்துட்டு இப்ப கேக்குறாளேன்னு நெனைப்பாங்கன்னு வீட்ல சொல்லல. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்.”

கூடத்தின் நடுவில் நின்றுவிட்டேன். அன்று ஸ்டூலில் உட்கார்ந்து இத்தனை வழிகளை அடுக்கினேனே, முட்டையை எடுத்துச் சேமித்து வைக்க முடியும் என்பதை அவளிடம் சொல்லவே இல்லை. ‘இப்போது வேண்டாம்’ என்று அவள் சொன்னதில் ‘வேண்டாம்’ மட்டும்தான் என் காதில் விழுந்திருக்கிறது. ‘இப்போது’ விழவில்லை. போனிலேயே அதைச் சொன்னேன். “சரி, அதையும் சேத்துக்கிறேன் டாக்டர்” என்றாள். எதில் சேர்த்துக்கொண்டாள், வழிகளிலா என் தவறுகளிலா என்று நான் கேட்கவில்லை.

இனி வரும் வழிகள் ஒவ்வொன்றும் குறுகலானவை. குழந்தைக்கு முயல மாத்திரையை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் வலி. மறுபடி கத்தி வைத்தால் மிஞ்சியிருக்கும் முட்டைக்கு ஆபத்து. சோதனைக்குழாய் முறைக்குப் போகலாம், கிடைக்கும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. அவள் வயதுக்கு நாட்களை எண்ணத்தான் வேண்டும், ஆனால் நாட்களை மட்டும் எண்ணினால் நான் செய்ததையே செய்வீர்கள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன்.

வியாழக்கிழமை காலை அவள் உங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வருகிறாள். மாமியாரும் கணவரும் கூட வருவார்கள், அவர்கள்தான் முதலில் பேசுவார்கள், நல்ல மனிதர்கள். கோப்பைத் திறந்தால் என் கையெழுத்தில் அந்தக் கடைசி வரி இருக்கும். அது அவள் சொன்னதுதான், ஆனால் பழையது.

போனை வைப்பதற்கு முன், “புது டாக்டருங்க எங்கிட்ட கேப்பாங்களா?” என்று கேட்டாள்.

“கேப்பாங்க” என்று உங்களுக்காக நான் சொல்லிவிட்டேன்.